‘சிரிங்க’ என்று சொல்லாமல்

சென்ற வருடம் எங்கள் கல்லூரிப் பரிசளிப்பு விழாவில் நான் 412 படங்கள் எடுத்தேன். ஊடகக் குழுவில் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு அது. இரவு வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மடிகணினியில் ஏற்றி உம்மாவுக்குக் காட்டினேன். உம்மா பொறுமையாகத்தான் பார்த்தார். முப்பது படங்கள் தாண்டியதும், “மகள், இது முன்ன பார்த்த படந்தானே?” என்று கேட்டார். இல்லை உம்மா, இது வேறு பிள்ளை என்றேன். இன்னும் இருபது தாண்டியது. மறுபடியும் அதே கேள்வி. அதற்குப் பிறகு உம்மா குசினிக்குப் போய்விட்டார்.

உம்மா சொன்னதில் பிழை இல்லை. ஒரு பிள்ளை மேடைக்கு வருகிறாள், சான்றிதழில் ஒரு கை, அதிதியின் கையும் அதே சான்றிதழில், இருவரும் கமராவைப் பார்க்கிறார்கள், நான் அமத்துகிறேன். அடுத்த பிள்ளை. இப்படி 400 தடவை. அந்தப் படங்கள் தேவைதான். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் அது சட்டமிட்டுச் சுவரில் தொங்கும். ஆனால் அன்று மண்டபத்தில் என்ன நடந்தது என்று அந்த 412 படங்களையும் பார்த்த ஒருவருக்குத் தெரியாது. பெயர் கூப்பிடப்படும்வரை படிக்கட்டில் நின்று ஒருவரையொருவர் ஷோல் ஊசி குத்திவிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், மகளின் பெயர் எப்போது வரும் என்று நிகழ்ச்சி நிரலில் விரலை வைத்துக் கொண்டே இருந்த ஓர் உம்மா, இவர்களை நான் கண்ணால் பார்த்தேன். கமராவால் பார்க்கவில்லை.

அன்றிலிருந்துதான் இந்த வகைப் படங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் ‘கென்டிட்’ என்று சொல்கிறார்கள். நான் இயல்புப் படம் என்று வைத்துக்கொள்கிறேன். நிற்கச் சொல்லாமல், சிரிக்கச் சொல்லாமல், நடப்பது நடந்துகொண்டிருக்கும்போதே எடுப்பது. கண்டபடி அமத்தினால் ஏதாவது ஒன்று நன்றாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாற்பது படங்களில் பாதி கண் மூடிய முகங்களும் மீதி வாயில் புரியாணி நிறைந்த முகங்களுமாக வந்த பிறகுதான் அந்த எண்ணம் போனது.

இந்தக் கலையின் ஆரம்பத்தில் ஒரு சட்டத்தரணி இருக்கிறார், அல்லது குறைந்தபட்சம் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் இருக்கிறார். ஜேர்மனியைச் சேர்ந்த எரிக் சாலமன். அவருடைய காலத்தில் உள்ளரங்கில் படம் எடுப்பதென்றால் மக்னீசியத் தூளைக் கொளுத்த வேண்டும். பளீரென்ற வெளிச்சம், புகை, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சாலமன் கையில் எர்மனொக்ஸ் என்ற ஒரு சின்னக் கமரா இருந்தது. அதன் வில்லை அக்காலத்தில் இருந்தவற்றை விட மிக அதிகமான ஒளியை உள்ளே விடக்கூடியது. எனவே மின்குமிழ் வெளிச்சமே அவருக்குப் போதும். 1928இல் படம் எடுக்கத் தடை இருந்த நீதிமன்றத்துக்குள் தொப்பிக்குள் கமராவை ஒளித்துக்கொண்டு போய் எடுத்தார். பிறகு அரசியல் மாநாடுகளுக்கு, மற்ற விருந்தினர் போலவே உடுத்திக்கொண்டு போனார். அமைச்சர்கள் கொட்டாவி விடுவதையும் கதிரையில் சாய்ந்து உறங்குவதையும் உலகம் முதன்முதலில் அவருடைய படங்களில்தான் பார்த்தது. ‘கென்டிட் கமரா’ என்ற பெயரை அவருடைய படங்களுக்குச் சூட்டியது இலண்டன் பத்திரிகையொன்று. யூதர் என்பதால் 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் நாஸிகளால் கொல்லப்பட்டார்.

சாலமனின் தொப்பியைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொருவர் பிரான்ஸின் ஹென்றி கார்ட்டியே-பிரெஸோன். 1937 மே மாதம் இலண்டனில் ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காகப் படமெடுக்க இவர் போனார். மற்றவர்கள் எல்லாம் மன்னரின் வண்டியை நோக்கி நிற்க, இவர் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனங்களைப் பார்த்து நின்றார். அந்தப் படங்களுள் ஒன்று மிகவும் பிரசித்தமானது. ஒரு சுவரின் மேல் ஆண்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து தூரத்தில் எதையோ எட்டிப் பார்க்கிறார்கள். கீழே நிலத்தில் குவிந்து கிடக்கும் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் ஒரு மனிதர் நன்றாக உறங்குகிறார். இரவெல்லாம் இடம்பிடித்துக் காத்திருந்து களைத்துப்போனாரோ என்னவோ, மன்னர் போகும் நேரத்தில் அவர் உறக்கம். மன்னரைப் படத்தில் காணவில்லை. ஆனால் முடிசூட்டு விழா என்றால் என்ன என்பது அந்தப் படத்தில் இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. எந்த நிகழ்ச்சியிலும் மேடைக்கு முன்னால் இடம்பிடிக்க நான் முண்டியடித்துக்கொண்டிருந்தேன். மேடைக்கு முதுகைக் காட்டினால் முண்டியடிக்கவே தேவையில்லை.

இனி எப்படி எடுப்பது என்று வருவோம். என்னிடம் இருப்பது மாமா பாவித்துவிட்டுத் தந்த பழைய கெனன் கமரா ஒன்று. அதனுடன் வந்த வில்லையைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அதன் துவாரம் 5.6க்கு மேல் திறக்காது. ஒரு தோழியிடம் 50 மில்லிமீற்றர் வில்லையை இரவல் வாங்கினேன், அது 1.8 வரை திறக்கும். இந்த எண்கள் சிறிதானால் துவாரம் பெரிதாகும். கணக்குப் பார்த்தால் இரண்டாவது வில்லை ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இருட்டு மண்டபத்தில் ஃப்ளேஷ் போடாமல் எடுக்க இதுதான் வழி. ஃப்ளேஷ் போட்டால் முதல் படத்தோடு கதை முடிந்தது. எல்லோரும் முந்தானையைச் சரிசெய்து கமராவைப் பார்ப்பார்கள்.

ஷட்டர் வேகத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஆட்கள் அசைவதால் வேகமாக எடுத்தால் தெளிவாக வரும் என்று 500இல் ஒரு செக்கனில் எடுத்தேன். ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, இன்னொன்றில் பாதி இருட்டு. கமரா பழுது என்று நினைத்தேன். பிறகு பௌதிகவியல் படிக்கும் தோழிதான் சொன்னாள்: நமது மின்சாரம் ஆடலோட்டம், செக்கனுக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு தடவை உச்சம் வருவதால் மண்டபத்து டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 100இல் ஒரு செக்கன் திறந்து வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் படத்துக்குள் வந்துவிடும், நிறம் மாறாது. அன்றிலிருந்து டியூப் லைட்டுக்குக் கீழே 100ஐத் தாண்டுவதில்லை. அந்த வேகத்தில் நடக்கிறவரின் கால் மங்கும். அதனால் ஒருவர் அசைந்து நிற்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருக்கப் பழகினேன். கை தட்டத் தொடங்கும் முன், குனிந்து நிமிரும் முன், சிரிப்பு வெடிக்கும் முன், எல்லாவற்றுக்கும் ஒரு சின்ன நிறுத்தம் உண்டு.

முடிந்தால் டியூப் லைட்டே வேண்டாம். யன்னல் போதும். எந்த வீட்டிலும் எந்த மண்டபத்திலும் முதலில் நான் தேடுவது யன்னல்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு நல்ல பின்னணியைப் பார்த்து வைப்பேன். வெறுஞ் சுவர், ஒரு திரை, திறந்த கதவு. தண்ணீர்ப் போத்தல்களும் பிளாஸ்டிக் பைகளும் பின்னால் தெரியாத கோணத்தில் நின்றுகொண்டு ஆட்கள் அங்கே வரும்வரை காத்திருப்பேன். ஆட்களைத் துரத்திக்கொண்டு ஓடினால் அவர்கள் கமராவைக் காண்பார்கள். ஒரே இடத்தில் இருபது நிமிடம் நின்றால் என்னைக் கதிரை மேசை போல மறந்துவிடுவார்கள். மீன் பிடிப்பது போலத்தான், ஆனால் கால்தான் அதிகம் வலிக்கிறது.

கையில் தொலைபேசி மட்டும் உள்ளவர்களும் இதையெல்லாம் செய்யலாம். வில்லையைத் துணியால் துடையுங்கள். பாதிப் படங்கள் எண்ணெய் விரல் பட்டுத்தான் மங்குகின்றன. விரலால் பெரிதாக்காமல் இரண்டு அடி கிட்டப் போங்கள். சத்தத்தை நிறுத்திவிடுங்கள். ஒலியைக் கூட்டும் பொத்தானை அமத்தியும் படம் எடுக்கலாம். அப்போது திரையில் விரல் வைக்க வேண்டியதில்லை, கை ஆடாது.

இன்னொரு விடயம், எல்லோரும் உடனே செய்து பார்க்கக்கூடியது. குழுப் படம் எடுக்கும்போது “முடிஞ்சுது” என்று சொன்னதும் கமராவை இறக்க வேண்டாம். படம் முடிந்தது என்று தெரிந்த அடுத்த மூன்று செக்கன்களில்தான் முகங்கள் திரும்பி வருகின்றன. அடக்கிய மூச்சை விடுவார்கள், பக்கத்திலிருப்பவளைக் கிள்ளுவார்கள், ஒருத்தி சப்பாத்தைக் கழற்றுவாள். மாணவத் தலைவிகளின் குழுப் படத்தில் நான் வைத்திருப்பது அந்த இரண்டாவது படத்தைத்தான்.

போன டிசம்பர் விடுமுறையில் சாச்சாவின் மகள் ராத்தாவுக்குக் கல்யாணம். நிகாஹ் பள்ளிவாசலில், பெண்கள் எல்லோரும் வீட்டில். வெளியிலிருந்து புகைப்படக்காரரை உள்ளே எடுக்க முடியாது. பெண் புகைப்படக்காரர் ஒருவரை அழைப்பதென்றால் கண்டியிலிருந்து வர வேண்டும், செலவு கூட. எனவே நான்.

சாச்சி முதல் நாளே என்னைக் கூப்பிட்டு நிபந்தனை போட்டார். “உள்ளுக்கு நாங்க தலை மறைச்சு ஈக்க மாட்டோம். யார்ட முகமும் வெளியில போகக்கூடாது மகள்.” படம் எடுப்பதையே விரும்பாத பெரியவர்களும் எங்கள் குடும்பத்தில் உண்டு. உம்மும்மா அப்படித்தான். அவர் பக்கம் கமராவைத் திருப்புவதே இல்லை. ஆக, முகங்கள் நிறைந்த ஒரு வீட்டில், முகமில்லாமல் ஒரு கல்யாணத்தை எப்படி எடுப்பது?

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நாட்களில் கற்றது போல நான் வேறெங்கும் கற்கவில்லை. மருதோன்றி காயும் வரை ராத்தா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இருந்தா. மாமி ஒருவர் சோறு ஊட்டிவிட்டார். நான் எடுத்தது ஊட்டும் கையையும் காத்திருக்கும் இரண்டு கைகளையும் மட்டும். சஹனைச் சுற்றி இருந்தவர்களை கதிரை மேல் ஏறி நேர் மேலிருந்து எடுத்தேன்: ஒரு தட்டம், ஆறு வலக்கைகள். ஒன்றில் தழும்பு, ஒன்றில் தங்கக் காப்பு, ஒன்று சின்னப் பிள்ளையின் கை, அது மற்றவர்களைப் பார்க்காமல் நேரே இறைச்சித் துண்டுக்குப் போயிருந்தது. வாசலில் செருப்புக் குவியல் காலையில் சிறிதாக, பகலில் படியை மூடி, மாலையில் சோடி மாறிய இரண்டு மட்டும் மிஞ்சி. ஒரே இடத்திலிருந்து மூன்று நேரம் எடுத்தேன். கல்யாணம் முழுவதும் அந்த மூன்று படங்களில் இருந்தது என்று ராத்தா பிறகு சொன்னா.

சாச்சாவின் படம் ஒன்றும் இருக்கிறது. கடைசிப் பந்தி முடியும்வரை அவர் உட்காரவே இல்லை. வந்தவர்களைக் கவனிப்பதும், புரியாணிச் சட்டியை எட்டிப் பார்ப்பதும், குடையுடன் வாசலுக்கு ஓடுவதுமாக இருந்தார். அன்று மழை தூறிக்கொண்டே இருந்தது. மகள் வண்டியில் ஏறிப் போன பிறகு பந்தலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் போய் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு கால்விரல்களை விரித்துக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த வெறுங் கதிரைகளைப் பார்த்தபடி இருந்தார். பின்னாலிருந்து எடுத்தேன். முதுகு மட்டும்தான். சாச்சி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முகங்கள் உள்ள படங்களும் எடுத்தேன்தான். அவற்றை ஒரு பென்டிரைவில் போட்டு ராத்தாவின் கையில் கொடுத்துவிட்டு, என் கமராவிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்தேன். வட்ஸ்அப்பில் ஒன்றும் போடவில்லை. “அனுப்பு அனுப்பு” என்று மூன்று நாட்கள் கேட்டுச் சில மச்சிமார் என்னுடன் கோபம். இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல ஆசை. பெண்பிள்ளை ஒருத்தி கமராவைப் பிடித்தால் என்னவெல்லாம் நடக்குமோ என்று பயப்படுகிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெண்கள் நிம்மதியாகத் தலைதிறந்து சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தை எடுக்க அவளைத் தவிர வேறு யாரால் முடியும்?

இந்தியாவில் ஹோமாய் வியாரவாலா என்று ஒருவர் இருந்தார். 1913இல் பிறந்தவர், அந்நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சாரி உடுத்திக்கொண்டு கமராப் பெட்டியுடன் டில்லி வீதிகளில் சைக்கிளில் போய், சுதந்திர காலத்து நிகழ்ச்சிகளையெல்லாம் எடுத்தார். 1970இல் படமெடுப்பதை அடியோடு விட்டுவிட்டார். புதிதாக வந்த புகைப்படக்காரர்கள் மரியாதை இல்லாமல் நடந்துகொள்வதைப் பார்த்து அவருக்கு வெறுத்துப் போனதும் அதற்கு ஒரு காரணம். முதலில் இதை வாசித்தபோது, இதற்காகவா இவ்வளவு பெரிய திறமையை விடுவார்கள் என்று எண்ணினேன். இந்த வருடம்தான் எனக்கு அது விளங்கியது.

வலய மட்டத் தமிழ் மொழித் தினப் போட்டி எங்கள் கல்லூரி மண்டபத்தில் நடந்தது. பேச்சுப் போட்டியில் என் வகுப்புத் தோழி ஒருத்தி பேசினாள். இரண்டு மாதமாகப் பாடமாக்கிய பேச்சு. நடுவில் மறந்து நின்றுவிட்டாள். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. பிறகு எங்கேயோ பிடித்துக்கொண்டு முடித்துவிட்டு இறங்கினாள். நான் மேடைக்குப் பின்னால் என் வழக்கமான யன்னலடியில் நின்றேன். அவள் அங்கேதான் வந்தாள். மேடைத் திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கையில் பேச்சு எழுதிய தாள் நான்காக மடிந்திருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். பின்னணியில் கருஞ்சிவப்புத் திரை தவிர ஒன்றுமே இல்லை. நான் அமத்தினேன், ஐந்து தடவை.

அதில் மூன்றாவது படம் நான் எடுத்தவற்றிலேயே சிறந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். டீச்சருக்குக் காட்டினேன். கல்லூரிக் கண்காட்சிக்கு இதைப் பெரிதாக அச்சிடுவோம் என்று அவர் சந்தோஷப்பட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்றும் சொன்னார். அது சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நான் நினைத்தேன்.

அவள் படத்தை நீண்ட நேரம் பார்த்தாள். “அழிச்சிடு” என்றாள்.

நான் விடவில்லை. இது கலை என்றேன். உன் முகம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பார் என்றேன். கார்ட்டியே-பிரெஸோன் உறங்குகிற மனிதரிடம் கேட்டா எடுத்தார் என்று கூடச் சொன்னேன்.

“அந்த மனிசன்ட மகள் இந்த ஸ்கூல்ல படிக்கல்ல” என்றாள். பிறகு மெல்லிய குரலில், “வாப்பாக்கு கட்டாருக்குக் கோல் எடுத்து நல்லாப் பேசினேன்னு சொல்லிட்டேன். ஸ்கூல் பேஸ்புக்ல வர்ற ஒரு படம் விடாம அவர் பார்ப்பார். அங்க தனிய இருக்கிற மனிசன். அது உன்ட படமா ஈக்கலாம். ஆனா என்ட முகம்.”

எனக்குப் பதில் இருக்கவில்லை. அவள் தன் வாப்பாவிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று ஒரு முடிவெடுத்திருந்தாள். என் படம் அந்த முடிவை அவளைக் கேட்காமல் மாற்றப் பார்த்தது. சாலமனின் தொப்பியைப் பற்றி என் தயக்கம் இதுதான். அவர் எடுத்தவர்கள் அமைச்சர்கள், நாட்டை ஆள்கிறவர்கள். அவர்கள் உறங்குவதைச் சனங்கள் பார்க்கலாம். திரைக்குப் பின்னால் அழுத ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை எடுப்பதற்கு அந்த நியாயம் போதுமா? என்னை எல்லோரும் மறந்திருப்பது நல்ல படத்துக்குத் தேவை. ஆனால் மறந்திருந்தார்கள் என்பது சம்மதம் தந்தார்கள் என்று ஆகாது. இப்போது நான் கமராவை ஒளிப்பதில்லை. கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் தெரியும்படிதான் நிற்கிறேன். எடுத்ததை முதலில் அதில் இருப்பவருக்கே காட்டுகிறேன். பத்தில் ஒன்றாவது போகிறது. போகட்டும் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். லேசாக இல்லை.

அவளுக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தேன். மூன்றாவதுக்கு வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழித்தேன்.

ஐந்தாவதில் நிறுத்தச் சொன்னாள். அதை எடுக்கும்போது என் கை தாழ்ந்திருக்க வேண்டும். முகம் இல்லை. நிலம்வரை தொங்கும் கருஞ்சிவப்புத் திரை, அதன் விளிம்புக்குக் கீழே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. ஒன்றின் லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் நான்காக மடித்த தாள் விழுந்திருக்கிறது.

“இது இருக்கட்டும்” என்றாள்.

கண்காட்சியில் அதுதான் வைக்கப்பட்டது. யாருடைய சப்பாத்து என்று பலரும் என்னிடம் கேட்டார்கள். அடுத்த நாள் அவள் தானாகவே அதன் முன்னால் வந்து நின்று, யாரும் பார்க்காத நேரம் குனிந்து தன் லேஸைக் கட்டிக்கொண்டாள். கமரா என் கழுத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.